நூலின் நிறம் மாறாமல் படமெடுக்க: ஒரு வெண்சமநிலை அனுபவம்

அக்கா பல ஆண்டுகளாகத் துணியில் பூவேலை செய்கிறாள். முடித்த கையோடு யாருக்காவது கொடுத்துவிடுவது அவள் வழக்கம். இந்த முறை, கொடுப்பதற்கு முன் பதினெட்டுத் துண்டுகளையும் ஒழுங்காகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்றாள். கேமரா என்னிடம் இருந்தது. ஒரு மாலை நேர வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். ஐந்து நாள் இழுத்தது. துணியை விரிப்பதும் முக்காலியை நிறுத்துவதும் அதில் சில மணி நேரம்தான். மிச்சத்தையெல்லாம் நிறம் தின்றது.

முதல் மாலை எடுத்த படங்களைத் திரையில் காட்டினேன். அக்கா எழுந்துபோய் நூல்பெட்டியைக் கொண்டுவந்தாள். ஒரு நூல்கண்டைத் திரைக்கு அருகில் பிடித்துக்கொண்டு, "இது என் நூல் இல்லை, தம்பி. நான் எலுமிச்சை மஞ்சளில் தைத்தேன். நீ கடுகு மஞ்சளில் எடுத்திருக்கிறாய்" என்றாள். மறுத்துப் பேச வழியில்லை. கண்டு கண்ணெதிரே இருந்தது.

அறையில் எரிந்தது பழைய குண்டு பல்பு. கேமரா மெனுவில் ஒயிட் பேலன்ஸ் என்று இருக்கும் வெண்சமநிலை, ஆட்டோவில் இருந்தது. வெளுக்காத பருத்தித் துணியின் மங்கிய வெண்மை, படத்தில் ஆரஞ்சு ஏறிக் கிடந்தது. நேரில் பார்த்தபோது எனக்கு அப்படித் தெரியவே இல்லை என்பதுதான் வேடிக்கை. குண்டு பல்பின் ஒளி உண்மையிலேயே ஆரஞ்சு கலந்ததுதான். அறைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் கண்ணும் மூளையும் அதைக் கழித்துவிட்டு, வெள்ளைத் துணியை வெள்ளையாகவே காட்டிவிடுகின்றன. கேமரா வந்த ஒளியை வந்தபடி எண்ணும். அதன் உணரியில், அதாவது ஒளியை வாங்கும் சென்சாரில், ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு நிற வடிகட்டிதான் இருக்கிறது. நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த அடுக்குமுறையைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. மூன்று நிறங்களுக்கும் தனித்தனி எண்கள் வருகின்றன. சாம்பல் நிறப் பொருளில் மூன்றும் சமமாக வரவேண்டுமானால் சிவப்பையும் நீலத்தையும் எத்தனை மடங்கு பெருக்குவது? வெண்சமநிலை என்பது இந்தக் கணக்குதான், வேறு மாயம் எதுவும் இல்லை.

குண்டு பல்பில் நீலம் மிகக் குறைவு. அதைப் பச்சைக்குச் சமமாக்க, கேமரா இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பெருக்கும்போது நீலத்தில் இருக்கும் மணல்மணலான இரைச்சலும் கூடவே பெருகும். நிறத்தைச் சரிசெய்த பிறகும் கருநீல நூலில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்ததன் காரணம் அதுதான். எனவே குண்டு பல்பைக் கைவிடுவது என்று அன்றிரவே பாதி முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் தோற்றுப்போய் விட மனம் வரவில்லை. அந்த ஒளியிலேயே சரியான நிறத்தை எடுத்துக் காட்டிவிட்டு விடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அலகில் சொல்கிறார்கள். ஒரு கரும்பொருளைச் சூடாக்கிக்கொண்டே போனால் முதலில் செந்நிறம், பிறகு மஞ்சள், பிறகு வெண்மை, அதற்கும் மேலே நீலம் என்று அதன் ஒளிர்வு மாறும். எந்த வெப்பநிலையில் அந்த நிறம் வருகிறதோ அந்த எண்தான் ஒளியின் நிற வெப்பநிலை. மெழுகுவத்திச் சுடர் 1900 பக்கம். வீட்டுக் குண்டு பல்பு சுமார் 2700. நடுப்பகல் வெயில் 5200 முதல் 5500. மேகம் மூடிய வானம் 6000க்கு மேல். வெயில் படாமல் நீல வானத்தின் ஒளி மட்டும் விழும் நிழல் 7000, 8000 வரை போகும். நாம் குளிர்ச்சி என்று சொல்லும் நீலம் இங்கே சூடான பக்கம், கதகதப்பு என்று சொல்லும் மஞ்சள் ஆறிய பக்கம். பேச்சுவழக்கும் இயற்பியலும் நேர் எதிராக நிற்பதால் எனக்கு இன்னமும் ஒரு நொடி தடுமாற்றம் வரும்.

அதைவிடப் பெரிய தடுமாற்றம் கேமராவின் அமைப்பில். படம் மஞ்சளாக இருக்கிறதே என்று கெல்வின் எண்ணை 6500க்கு ஏற்றினேன். நீல ஒளியின் எண் அல்லவா, நீலம் கூடும் என்பது என் கணக்கு. படம் இன்னும் மஞ்சளானது. 8000க்கு ஏற்றினேன். துணி செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. கேமராவில் நாம் இடும் எண், படம் எப்படி வரவேண்டும் என்ற கட்டளை இல்லை. அங்கே விழும் ஒளி எது என்று அதற்குச் சொல்லும் தகவல். 8000 என்றால், 'ஒளி மிக நீலமாக இருக்கிறது' என்று நாம் சொன்னதாக எடுத்துக்கொண்டு அதை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது. இது புரிந்ததும் எண்ணை 2700க்கு இறக்கினேன். ஏறக்குறைய சரியாக வந்தது.

இதற்கென்றே பல்பு படம் போட்ட தயார்நிலை அமைப்பு இருக்கிறதே, அதை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு பெரிதும் குறைந்ததே தவிரப் போகவில்லை. என்னுடையது கேனன். அதில் அந்த அமைப்பு 3200 கெல்வினுக்கானது. என் பல்பு அதற்கும் கீழே. ஆட்டோ தவறியதற்கும் இதே போன்ற காரணம்தான். அது சுமார் 3000 முதல் 7000 வரைதான் கையாளும் என்று கையேடே சொல்கிறது. ஐநூறு கெல்வின் எல்லாம் ஒரு வித்தியாசமா என்று தோன்றலாம். கீழ்ப்பக்கத்தில் அது பெரிய வித்தியாசம். பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் மைரெட் என்ற அளவு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றத்தைக் கெல்வினைவிட இதுதான் ஒழுங்காகச் சொல்கிறது. 2800க்கும் 3000க்கும் இடையே ஏறக்குறைய 24 மைரெட். 5600க்கும் 5800க்கும் இடையே வெறும் 6. அதே இருநூறு கெல்வின்தான், ஆனால் பல்பு வெளிச்சத்தில் நான்கு மடங்கு உறைக்கும். பகல் ஒளியில் நூறு, இருநூறு கெல்வினுக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் காலை பல்பை அணைத்துவிட்டு, மேசையை ஜன்னலோரம் நகர்த்தினேன். வெயில் நேரடியாக விழாத ஜன்னல். இதுதான் இயற்கை ஒளி, ஆட்டோவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வரிசையாக ஆறு துண்டுகளை எடுத்தேன். ஒரு துண்டு முழுக்கச் சாமந்திப் பூக்கள். இன்னொன்றில் தோகை விரித்த மயில். இரண்டும் ஒரே தானிலிருந்து வெட்டிய துணி, இரண்டும் ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. ஆனால் சாமந்தித் துண்டின் துணி சற்று நீலம் பாய்ந்தும், மயில் துண்டின் துணி மஞ்சள் பாய்ந்தும் இருந்தது. படச்சட்டத்தில் இருக்கும் எல்லாவற்றையும் கலந்தால் சராசரியாகச் சாம்பல் வரும் என்பது போன்ற ஊகங்களை வைத்துத்தான் ஆட்டோ வேலை செய்கிறது. மஞ்சள் மிகுந்திருந்தால் அது நூலின் மஞ்சளா ஒளியின் மஞ்சளா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒளியினுடையது என்று நினைத்துக் கழித்துவிட்டது. மயிலிலும் அதே கதை, எதிர்த்திசையில். ஊர்சுற்றும்போது எடுக்கும் படங்களுக்கு ஆட்டோவைக் குறைசொல்ல மாட்டேன். ஒரே தொகுப்பாக அடுக்கப்போகும் பதினெட்டுப் படங்களுக்கு அது ஆகாது.

எனவே நாமே அளந்து பதிவது என்று முடிவாயிற்று. என் கேமராவில் செய்முறை இதுதான். வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொருளொன்றை, பொருளை வைக்கப்போகும் அதே இடத்தில் அதே கோணத்தில் வைத்து, சட்டத்தின் நடுப்பகுதி நிறையும்படி ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு மெனுவில் தனிப்பயன் வெண்சமநிலை என்ற இடத்துக்குப் போய் அந்தப் படத்தைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். அதோடு முடியவில்லை. வெண்சமநிலைப் பட்டியலுக்குத் திரும்பிவந்து, 'தனிப்பயன்' குறியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு, பதிவு செய்தும் பலனில்லையே என்று நான் அரை மணி நேரம் புலம்பியதை அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். நிக்கானில் இன்னும் சுருக்கம். வெண்சமநிலையை முன்பதிவு நிலையில் வைத்து, அந்தப் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் குறி மின்னத் தொடங்கும். அப்போது சாம்பல் பொருளை நோக்கி ஒருமுறை ஷட்டரை அழுத்தினால் அளவு பதிந்துவிடும், படம் எதுவும் சேமிப்பாகாது.

வெள்ளைப் பொருளுக்கு எங்கே போவது? அச்சுப்பொறிக்கு வாங்கிய தாள் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பளிச்சென்ற வெள்ளை. அதை வைத்து அளந்து எடுத்தால், எல்லாத் துணியிலும் இளமஞ்சள். எனக்குத் தாளின் மேல் சந்தேகமே வரவில்லை. மறுபடி மறுபடி அளந்தேன். கடைசியில் புரிந்தது. அந்தப் பளிச்சிடலே வேதிப்பூச்சால் வருவது. வெண்மையூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீலமாக உமிழ்கின்றன. ஜன்னல் ஒளியில் புற ஊதா கொஞ்சம் உண்டு. தாள் நீலம் பூத்தது, கேமரா அந்த நீலத்தை ஒளியின் குற்றமாக எண்ணிக் கழித்தது, என் துணிகள் மஞ்சளாயின. புற ஊதா ஏறக்குறைய இல்லாத பல்பு வெளிச்சத்தில் அதே தாள் யோக்கியமாக நடந்துகொள்ளும் என்பதால் ஏமாறுவது இன்னும் சுலபம். சலவைத்தூள் போட்டு வெளுத்த வேட்டி, கைக்குட்டை எல்லாவற்றிலும் இதே வெண்மையூட்டி இருக்கக்கூடும். அடுத்து, அக்காவின் அடித்துணியையே வெள்ளையாகக் காட்டி அளந்து பார்த்தேன். அது இன்னும் மோசம். வெளுக்காத துணிக்கே உரிய அந்தப் பால்நிறம் முழுக்க அழிந்து, மருத்துவமனைப் போர்வை மாதிரி ஆயிற்று.

இனியும் சில்லறைப் புத்தி வேண்டாம் என்று சாம்பல் அட்டை ஒன்று வாங்கினேன். மூன்று நிறங்களையும் சம அளவில் திருப்பி அனுப்பும்படி செய்த அட்டை. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் வகைதான் வழக்கம். வெள்ளையைவிட இதில் ஒரு வசதி, ஒளி மிஞ்சிப்போகும் ஆபத்து குறைவு. வெள்ளைத் தாளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று உச்சத்தைத் தொட்டு அறுந்துபோனால், அதற்குமேல் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் கணக்கு பிசகிவிடும். அட்டையைச் சாய்த்து ஜன்னல் பளபளப்பை வாங்கவிடக் கூடாது. நானே ஒருமுறை கெட்டிப் பச்சைச் சட்டையோடு மேசைமேல் குனிந்து நின்று அளந்து, படமெடுக்கும்போது மட்டும் விலகிப்போய், துணிகளில் மெல்லிய மெஜந்தா, அதாவது பச்சைக்கு எதிரான ஊதா கலந்த இளஞ்சிவப்புச் சாயலை வரவழைத்துக்கொண்டேன். அட்டை ஒளியை மட்டும் பார்க்கவில்லை, என் வயிற்றையும் பார்த்திருக்கிறது.

மூன்றாம் நாள் மழைக்கால வானம். மேகம் வருவதும் விலகுவதுமாக இருந்தது. மேகம் மாறும்போதெல்லாம் அட்டையை வைத்துத் திரும்ப அளக்க வேண்டியிருந்தது. அலுத்துப்போய் ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப்லைட்டைப் போட்டேன். நிலையான ஒளி என்பது என் எண்ணம். அட்டையை 1/250 நொடியில் எடுத்துப் பதிந்தேன். அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று சரி, ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெட்டது எதுவும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது, 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. ஒவ்வொரு துடிப்பிலும் பிரகாசம் மட்டுமல்லாமல் நிறமும் ஏறி இறங்குகிறது. 1/250 நொடி என்பது அந்தத் துடிப்பின் ஏதோ ஒரு துண்டைத்தான் பிடிக்கும், எந்தத் துண்டு என்பது அதிர்ஷ்டம். ஷட்டரை 1/50, 1/25 என்று மெதுவாக்கி முழுத் துடிப்புகளை வாங்கவிட்டதும் மூன்று படமும் ஒன்றுபோல வந்தன. முக்காலியில் இருந்ததால் ஆட்டம் பற்றிய கவலை இல்லை. மின்னணுச் சோக் போட்ட குழல்களில் இந்தத் தொல்லை கிடையாது. மலிவான எல்.இ.டி. பல்புகளில் உண்டு.

துடிப்பு அடங்கியும் ஒரு மெஜந்தா சாயல் மட்டும் போக மறுத்தது. கெல்வின் எண்ணை எப்படித் திருப்பினாலும் போகாது, ஏனென்றால் அது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையேதான் நகர்த்தும். பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நகர்த்துவதற்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. டியூப்லைட் ஒளியில் பச்சை தூக்கலாக இருக்கும் என்பதற்காகவே அது தேவைப்படுகிறது. அந்தக் கட்டத்தைத் திறந்தேன். எப்போதோ ஒரு டியூப்லைட் கூடத்தில் படமெடுக்க நானே நான்கு படி மெஜந்தா பக்கம் தள்ளி வைத்துவிட்டு மறந்திருக்கிறேன்! இந்தத் தள்ளல், எந்த வெண்சமநிலை அமைப்பைத் தேர்ந்தாலும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கேமராவை அணைத்துப் போட்டாலும் போவதில்லை. அப்படியானால் இரண்டாம் நாள் சாயலுக்கு என் பச்சைச் சட்டை மட்டும்தான் காரணமா என்பதும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. சட்டையிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றுமுதல் கேமராவைக் கையில் எடுத்ததும் அந்தக் கட்டத்தில் புள்ளி நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பது என் முதல் வேலை.

டியூப்லைட்டுக்குப் பதிலாக ஒரு எல்.இ.டி. பல்பையும் சோதித்தேன். சாம்பல் அட்டை அப்பழுக்கில்லாத சாம்பலாக வந்தது, துணியும் சரி, இலைப்பச்சையும் சரி. செம்பருத்திப் பூ மட்டும் செத்த சிவப்பாக இருந்தது. இங்கே வெண்சமநிலை செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பல்பின் ஒளியிலேயே ஆழ்ந்த சிவப்பு போதுமான அளவு இல்லையென்றால், இல்லாததைப் பெருக்கி என்ன பயன்? பல்புப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறக்காட்டல் எண், அதாவது அதன் ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, 80க்கு மேல் என்றால் நல்லது என்று நினைத்திருந்தேன். அந்த எண், எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிட்ட சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் சேராது. ஒன்பதாவது மாதிரியாகத் தனியே நிற்கிறது, பல பெட்டிகளில் அதை அச்சிடுவதே இல்லை. துணி, ஓவியம், முகம் இவற்றைப் படமெடுக்க 95க்குக் குறையாத பல்புதான் தேவை. சோடிய ஆவி விளக்குகளில் குறையழுத்த வகை இதன் உச்சம். அது ஏறக்குறைய 589 நானோமீட்டர் மஞ்சள் ஒன்றை மட்டுமே தரும். அதன் கீழே எந்த அட்டையைக் காட்டினாலும் கிடைப்பது ஒருநிறப் படம்தான்.

நான்காம் நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலும் பல்பும் சேர்ந்த ஒளியில் முயன்று, துணியின் ஒரு பாதி நீலம், மறுபாதி ஆரஞ்சு என்று வாங்கிக்கட்டிக்கொண்டேன். இரண்டு ஒளிக்கும் ஒரே எண் கிடையாது. ஒன்றை அணைப்பதுதான் வழி.

ஐந்தாம் நாள் வானம் ஒரே சீராக மூடியிருந்தது. அறை விளக்குகள் எல்லாம் அணைப்பு. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. நான் சாம்பல் சட்டை. ஒவ்வொரு துண்டுக்கும் முதல் படத்தில் அட்டையும் துணியும் சேர்ந்து, அடுத்த படத்தில் துணி மட்டும். இந்த முறை ரா கோப்பாகவே எடுத்தேன். ரா கோப்பில் உணரியின் எண்கள் அப்படியே இருக்கும், வெண்சமநிலை ஒரு குறிப்பாகத்தான் ஒட்டியிருக்கும். பின்னால் மாற்றினாலும் இழப்பில்லை. ஜேபெக் என்றால் பெருக்கல் முடிந்து, நிறத்துக்கு எட்டு பிட்டாகச் சுருங்கி, வெந்த சோறாகத்தான் வரும். அப்படியானால் முதல்நாளே ராவில் எடுத்துவிட்டு, இந்தக் கூத்தையெல்லாம் தவிர்த்திருக்கலாமே என்றால், பாதிதான் உண்மை. துடிப்பும், இரட்டை ஒளியும், செத்த சிவப்பும் ராவிலும் அப்படியேதான் இருக்கும். தப்பித்திருக்கக்கூடியது கெல்வின் குழப்பமும் மறந்துபோன மெஜந்தாவும்தான்.

கணினியில், சாம்பல் எது என்று மென்பொருளுக்குக் காட்டும் துளிமானிக் குறியை அட்டைமேல் வைத்துச் சொடுக்கினேன். மூன்று எண்களும் 118, 118, 118 என்று நின்றன. அதே அமைப்பை அந்தத் துண்டின் அடுத்த படத்துக்கும் ஒட்டினேன். சாமந்தித் துணியும் மயில் துணியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே பால்நிறம். அன்றிரவு படுக்கையில் போனில் திறந்து பார்த்துவிட்டு எல்லாமே மஞ்சள் என்று பதறி எழுந்தது தனிக்கதை. போனின் இரவு முறை, பொழுது சாய்ந்ததும் திரையைத் தானாக மஞ்சளாக்கியிருந்தது.

காலையில் அக்கா நூல்பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு கண்டாக எடுத்துத் திரையோடு ஒட்டிப் பார்த்தாள். எலுமிச்சை மஞ்சள் தேறியது. செம்பருத்தி தேறியது. பதினேழு துண்டுகள் அப்படியே தேறின. கத்தரிப்பூத் துண்டில் நின்றுவிட்டாள். அவள் கையில் ஊதா, திரையில் நீலம். துணி சரி, இலை சரி, காம்பு சரி, அட்டை 118தான். அந்த ஒரு நூலின் சாயத்தை என் கண் ஒருவிதமாகவும் உணரியின் வடிகட்டிகள் வேறுவிதமாகவும் பார்க்கின்றன. வெண்சமநிலையை நகர்த்தினால் ஊதா வரும், கூடவே துணியும் ஊதாவாகும். கடைசியில் அந்த நிறத்தை மட்டும் தனியே பிடித்துச் சற்றுச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். அக்கா கண்டைத் திரையில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.